வாரத்துக்கு ரெண்டு வாட்டியா? ரெண்டு வாரத்துக்கு ஒரு வாட்டியா?

நண்பர்களே, முதலில் ஒரு சின்னக் கேள்வி. ‘பை-வீக்லி’ என்றால் என்ன? வாரம் இருமுறையா, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையா? பக்கத்தில் இருப்பவரையும் கேட்டுப் பாருங்கள். இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொன்னால் சண்டை போட வேண்டாம். அகராதியில் இரண்டு அர்த்தமுமே இருக்கிறது!

இது எனக்கு எப்படித் தெரிந்தது என்பது ஒரு வெட்கக்கேடான கதை. இன்பிளான்ட் டிரெயினிங்குக்காக ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போயிருந்தேன். பெரிய புளோவர் ஒன்றின் பேரிங்குக்கு கிரீஸ் வைக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். சுவரில் மாட்டியிருந்த சார்ட்டில் ‘பை-வீக்லி’ என்று போட்டிருந்தது. ‘பை’ என்றால் இரண்டு, ‘வீக்’ என்றால் வாரம். ஆக ரெண்டு வாரத்துக்கு ஒரு வாட்டி என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டு, முதல் நாள் கிரீஸ் வைத்ததோடு நிம்மதியாக இருந்துவிட்டேன். பத்தாவது நாள் பேரிங் கத்த ஆரம்பித்தது. கையை வைத்தால் சுடுகிறது. அன்று அரை ஷிப்ட் புளோவர் நின்றது. ஃபோர்மேன் ஓடிவந்து, “இன்னாப்பா தம்பி, வாரத்துக்கு ரெண்டு வாட்டி வைக்கணும்னு சார்ட்ல போட்டிருக்குதே, படிக்கலியா நீ?” என்றார். படித்தேன் அண்ணே, படித்ததுதான் தப்பாகிவிட்டது!

எங்க ஊர் ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் சந்தவாசல். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்ததும் வாராந்தரி, மாத இதழ், பழைய மலர் என்று கையில் கிடைத்ததை எல்லாம் புரட்டினேன். தமிழில் இந்தத் தகராறு வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. அநேகமாக வரவில்லை! காரணம் சுலபம். தமிழில் ‘இரு’ எந்த இடத்தில் நிற்கிறதோ அதுவே அர்த்தத்தைச் சொல்லிவிடுகிறது. ‘வாரமிருமுறை’ என்றால் காலம் முன்னால், எண்ணிக்கை பின்னால்: ஒரு வாரம், அதற்குள் இரண்டு தடவை. ‘இருவாரத்துக்கொருமுறை’ என்றால் எண் காலத்தின் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ‘மாதமிருமுறை’, ‘இருமாத இதழ்’ இரண்டும் இதே மாதிரிதான். முதலாவது வருஷத்துக்கு 24 இதழ், இரண்டாவது 6 இதழ். சந்தா கட்டுபவனுக்கு இது சின்ன வித்தியாசமா?

ஆங்கிலத்தில் இன்னொரு வம்பும் உண்டு. ‘பை-ஆனுவல்’ என்றால் வருஷத்துக்கு இரண்டு முறை, ‘பை-எனியல்’ என்றால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. 2012-ல் கொச்சியில் தொடங்கிய ஓவியக் கண்காட்சிக்கு ‘பினாலே’ என்ற பெயர் வந்தது இரண்டாவது கணக்கில்தான். அது இரண்டாண்டுக் கணக்கைக் குறிக்கும் இத்தாலியச் சொல். இரண்டு எழுத்து மாறினால் கணக்கு நாலு மடங்கு மாறிவிடுகிறது!

நம் பத்திரிகைகளின் வரலாற்றைப் பார்த்தாலும் இந்தச் சொற்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். சுதேசமித்திரன் 1882-ல் வார இதழாகப் பிறந்தது, 1899-ல் நாளிதழ் ஆனது. விடுதலை 1935-ல் வாரமிருமுறை, 1937-ல் நாளிதழ். துக்ளக் 1970-ல் மாதமிருமுறையாக ஆரம்பித்துப் பிறகு வார இதழ் ஆனது. குமுதம் ஒரு காலத்தில் மாதம் மும்முறை. 1, 10, 20 தேதிகளில் வந்தது. வாசகர் பெருகினால் இடைவெளி சுருங்கும். எதிர்த் திசையிலும் போவதுண்டு. சி.சு. செல்லப்பா 1959-ல் மாத இதழாகத் தொடங்கிய ‘எழுத்து’, பிற்பாடு காலாண்டிதழாகி 1970-ல் நின்றது. அட்டையில் ‘மாத இதழ்’ என்பதை அடித்துவிட்டு ‘காலாண்டிதழ்’ என்று போடுகிறவரின் கை எப்படிக் கனத்திருக்கும்! நம் மலருக்குக் கதை கேட்டு, விளம்பரம் கேட்டு அலைந்தவர்களுக்கு இது புரியும். (ஆண்டு மலர் ஆண்டுதோறும் வருகிறதா என்று யாரும் என்னைக் கேட்கக் கூடாது.)

தமிழில் குழப்பமே இல்லை என்று நான் பெருமை அடித்துக்கொண்டிருந்தபோது எங்க ஆயா அதில் மண்ணைப் போட்டார். ஆடி மாதம் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிற கூட்டம் எங்க ஊர் வழியாகத்தான் திரும்பும். “இந்த வெள்ளிக்கும் அடுத்த வெள்ளிக்கும் எட்டு நாளுடா” என்றார் ஆயா. ஏழுதானே என்றேன். விரல் விட்டு எண்ணிக் காட்டினார், எட்டு! இரண்டு வெள்ளியையும் சேர்த்து எண்ணுகிறார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை என்று நாம் சொல்வதும் இதே கணக்குதான்; உண்மையில் இரண்டு வாரம் என்பது 14 நாள். ஆங்கிலத்தில் ‘ஃபோர்ட்நைட்’ என்பதே பதினாலு ராத்திரி என்பதன் சுருக்கம்தான். 14 நாளைக்கு ஒருமுறை என்று கணக்காக வந்த ஃப்ரண்ட்லைன் போன்ற இதழுக்கு வருஷத்தில் 26 இதழ். 1-ஆம் தேதி, 15-ஆம் தேதி என்று வரும் மாதமிருமுறைக்கு 24தான். இரண்டையும் ஒன்று என்று நினைத்தால் இரண்டு இதழ் காணாமல் போகும்!

நீண்ட இடைவெளிக்குத் தமிழில் தனித்தனிச் சொல் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, எண்ணை மாற்றினால் போதும். கும்பகோணம் மகாமகம் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை (2016, அடுத்து 2028). காஞ்சிபுரம் அத்திவரதர் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை (1979, 2019). எங்க மலையிலேயே காவலூரில் வைனு பாப்பு பெயரில் பெரிய தொலைநோக்கி இருக்கிறதே, அது திறக்கப்பட்ட 1986-ல்தான் ஹாலி வால்நட்சத்திரமும் வந்து போனது. அது ஏறக்குறைய 76 ஆண்டுகளுக்கு ஒருமுறை. அடுத்தது 2061.

சரி, புளோவர் என்ன ஆயிற்று? பேரிங் மாற்றினார்கள். மறுநாள் நானே ஒரு ஸ்கெட்ச் பேனா எடுத்துப் போய், ஃபோர்மேனைக் கேட்டுக்கொண்டு, சார்ட்டில் அந்த வார்த்தையை அடித்துவிட்டு ‘வாரம் இருமுறை – திங்கள், வியாழன்’ என்று பெரிதாக எழுதினேன். அப்போதுதான் அதற்குக் கீழே இன்னொரு வரி கண்ணில் பட்டது. கூலிங் டவர் சுத்தம் செய்வது, ‘பை-மன்த்லி’. “அண்ணே, இது மாசத்துக்கு ரெண்டு வாட்டியா, ரெண்டு மாசத்துக்கு ஒரு வாட்டியா?” என்றேன். ஃபோர்மேன் கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்தார். பிறகு ஒரு ஆளைக் கூப்பிட்டு, பழைய ரிஜிஸ்டரை எடுத்துவரச் சொன்னார்.

– மூன்றாமாண்டு, மெக்கானிக்கல்