ஓர் இரவு விருந்தாளிக்கு ஒரு படம்

பெங்களூர் வீடுகளில் நள்ளிரவில் மலரும் பிரம்ம கமலத்தைப் படம் பிடிக்க, விலையுயர்ந்த கேமராவைவிட முன்யோசனைதான் அதிகம் தேவை

லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் போகிறவர்களுக்கு அவசரமில்லை. ஜனவரியிலும் ஆகஸ்டிலும் பல நாட்கள் நடக்கும் விழா அது. கண்ணாடி மாளிகையில் இன்று படம் சரியாக வரவில்லையென்றால் நாளை மறுபடி போகலாம். வீட்டுத் தொட்டியில் பூக்கும் பிரம்ம கமலம் அந்தச் சலுகையைத் தருவதில்லை. இரவு எட்டு மணிவாக்கில் இதழ் பிரிக்கத் தொடங்கும். நள்ளிரவையொட்டி முழுதாக விரியும். விடிவதற்குள் தலை தொங்கிவிடும். கே.ஆர். மார்க்கெட்டில் மல்லியும் சாமந்தியும் வந்திறங்கும் நேரத்தில் இதன் ஆயுள் முடிந்திருக்கும். சந்தைக்கே வர முடியாத பூ.

பெயர்கூட இரவல்தான். அசல் பிரம்ம கமலம் இமயமலையின் உயரங்களில் வளர்வது. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. உத்தராகண்டின் மாநில மலர். பெங்களூர் மாடிகளில் இருப்பது மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்த கள்ளி வகை. இலைபோலத் தெரிவது தட்டையான தண்டு. அதன் விளிம்பில்தான் மொட்டு விடுகிறது. கேரளத்தில் இதற்கு நிஷாகந்தி என்று பெயர், இலங்கையில் கடுபுல். பூவின் நடுவே பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாளைக் காண்போர் உண்டு. பெத்லஹேம் தொழுவத்தைக் காண்போரும் உண்டு.

மழைக்காலத்தில் மொட்டு பருத்துவிட்டால் அக்கம்பக்கத்தாரை அழைத்துக் காட்டுவதும், பூவுக்குக் கற்பூரம் ஏற்றுவதும் பல வீடுகளில் வழக்கம். இப்போது அழைப்புக்குப் பதில் வாட்ஸ்அப்பில் படம் போகிறது. பல சமயம் அதில் தெரிவது கறுப்புப் பின்னணியில் ஒரு வெள்ளைத் திட்டு மட்டுமே.

குற்றம் பூவினுடையதல்ல. சுற்றிலும் இருட்டைப் பார்க்கும் கேமரா, வெளிச்சம் போதவில்லை என்று முடிவுகட்டி அதைக் கூட்டிவிடுகிறது. வெள்ளை இதழின் மெல்லிய கோடுகள் அதில் கரைந்துபோகின்றன. நேருக்கு நேர் அடிக்கும் ஃபிளாஷ் மிச்சத்தையும் தட்டையாக்கிவிடுகிறது.

பரிகாரம் எளிது. செல்போன் திரையில் பூவின் மீது விரலை வைத்து, வெளிச்ச அளவைச் சற்றுக் குறைக்க வேண்டும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஒரு டார்ச் விளக்கைப் பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலோ பிடிக்கலாம். இதழ்கள் ஒளியை ஊடுருவ விடுபவை. பின்னாலிருந்து வெளிச்சம் பட்டால் உள்ளிருந்தே ஒளிர்வதுபோல் இருக்கும். டார்ச்சின் முகத்தில் வெள்ளைத் தாளைச் சுற்றினால் ஒளி மென்மையாகும். போனை ஸ்டூலின் மேல் நிறுத்தி டைமரில் எடுத்தால் கை நடுங்காது. காற்றில் ஆடும் தண்டைக் குச்சியோடு கட்டிவிடலாம்.

இதற்கெல்லாம் முன்னேற்பாடு வேண்டும். தொங்கும் மொட்டின் காம்பு வளைந்து மேல்நோக்கி நிமிர்வதும், மொட்டு வெளுத்து உப்புவதும் பூக்கும் நாள் நெருங்கியதற்கான அடையாளங்கள். அன்று பகலிலேயே பின்னால் ஒரு கருந்துணி கட்டி, இடத்தைத் தயார் செய்துவிட வேண்டும். மாலை ஏழு மணியிலிருந்து ஒரே இடத்தில் போனை வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு படமாக எடுத்தால், மலர்தல் முழுவதும் பதிவாகிவிடும். இடையில் போனை நகர்த்தினால் தொடர்ச்சி கெட்டுவிடும்.

தோட்டத்தோடு கூடிய தனி வீடுகள் அடுக்குமாடிகளாக மாறிவரும் நகரத்தில் இந்தச் செடி பால்கனிக்கு இடம் மாறிப் பிழைத்துக்கொள்கிறது. விதை வேண்டாம், ஒரு துண்டுத் தண்டை நட்டாலே வேர்விடும். கேட்டவருக்கு வெட்டிக் கொடுத்தே வீட்டுக்கு வீடு பரவிய செடி. படம் உலகெங்கும் போகும், வாசனை போகாது. அதற்கு இன்னமும் அண்டை வீட்டாரின் கதவைத்தான் தட்ட வேண்டும், நள்ளிரவானாலும்.