சாட்சி பகர்தல்

குற்றத்தைக் கண்ணுற்றோர் பலராயினும் அதனைச் சொல்ல முன்வருவோர் சிலரே. இதற்கு அச்சம் ஒரு காரணம், முறையறியாமை மற்றொன்று. ஆதலின் அம்முறையினை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

போலீசார் வினவுங்கால் நாம் கூறுவதை அவர் எழுதிக்கொள்வர். அதிற் கையொப்பமிட வேண்டுவதில்லை. மாஜிஸ்திரேட்டின் முன் ஆணையிட்டு வாக்குமூலம் அளித்தலும் உண்டு. அதிற் கையொப்பமிடுதல் வேண்டும். எனினும் இவை தாமே சாட்சியமாகா. நியாயஸ்தலத்தில் நின்று, எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணைக்கு ஈடுகொடுக்கும் சொல்லே சாட்சியமாம்.

இவ்வேறுபாட்டினை நம் நாட்டு வழக்கொன்று விளக்கும். சேலம் ஜில்லா ஓமலூரைச் சார்ந்த பட்டதாரி இளைஞர் கோகுல்ராஜ், 2015-ம் ஆண்டு ஜூன் 23-ம் தேதி திருச்செங்கோட்டு மலைக்கோவிலினின்று சாதிப் பகைமையாற் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையத்தை அடுத்த இருப்புப்பாதையில் அவர் உடல் கிடந்தது. மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் அளித்திருந்த முக்கிய சாட்சி ஒருவர், விசாரணையில் அதனை மறுத்துப் பிறழ்சாட்சியாயினார். முன்சொன்ன வாக்குமூலம் மட்டும் வழக்கைத் தாங்கவில்லை. கோவிற் காமிராப் பதிவும் ஏனையோர் சாட்சியமும் துணை நின்றமையால், மதுரை விசேஷ நீதிமன்றம் 2022 மார்ச்சில் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அத்தீர்ப்பைப் பெரும்பாலும் 2023-ல் ஹைகோர்ட்டும் உறுதி செய்தது.

அஞ்சிய சாட்சியைப் பழித்தல் எளிது. அவரைக் காத்தலே அரிது. சாட்சிகளுக்குக் காவலும், வேண்டுமிடத்து இருப்பிட மாற்றமும் அளிக்கும் திட்டத்தை 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு ஏற்றது. அதனை நாம் அறிதலும், அயலாரில் சாட்சி சொல்லத் துணிந்தாரைத் தனியே விடாமையும் கற்றோராகிய நம் கடனாம்.