ஹீஷம் குன்றின் கல்லறைகள்

ஓர் இடத்தின் பழைய வரலாறு மறந்துபோனால், மக்கள் அதற்குப் பெரியவர் ஒருவரின் பெயரைச் சூட்டிவிடுவர். நம் சிற்றூர்களில் பெருங்கற்கால ஈமக்குழிகளைப் ‘பாண்டவர் குழி’ என்பர். சமண முனிவர் தங்கிய குகைகளின் கற்படுக்கைகளைப் ‘பாண்டவர் படுக்கை’ என்பர். இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று என்பதை இங்கிலாந்தில் ஒரு குன்றின்மேல் நின்றபோது உணர்ந்தேன்.

வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயரில், மோர்காம் விரிகுடாவின் கரையில் உள்ள ஊர் ஹீஷம். மகனைக் காணச் சென்றிருந்த நான் ஒருநாள் அங்குப் போனேன். கடலை நோக்கிய குன்றின்மேல் சிறு கற்கோயில் ஒன்று கூரையின்றிக் கிடக்கிறது. சுவர்களில் சில பகுதிகளும் வளைவுடன் கூடிய வாயில் ஒன்றுமே எஞ்சியுள்ளன. அருகில், பாறையையே குடைந்து செய்த ஆறு கல்லறைகள் வரிசையாக உள்ளன. சற்றுத் தள்ளி இன்னும் இரண்டு. தலைமாட்டில் சிலுவை நாட்டுவதற்கானவை எனக் கருதப்படும் குழிகளும் உண்டு. நான் பார்த்தபோது கல்லறைகளில் மழைநீர்தான் நிறைந்திருந்தது.

இக்கோயிலுக்குப் புனித பேட்ரிக்கின் பெயர் வழங்குகிறது. 5ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தில் கிறித்துவத்தைப் பரப்பிய அவர், கப்பல் உடைந்து இங்குக் கரையேறிக் கோயிலை எழுப்பினார் என்பது செவிவழிக் கதை.

இக்கதையை மெய்ப்பிக்கும் சான்று உண்டா? 1977, 1978ஆம் ஆண்டுகளில் இங்கு அகழாய்வு நடைபெற்றது. முதலில் சிறியதாக இருந்த கோயில் பின்னர்ப் பெரிதாக்கப்பட்டது என்பது தெரியவந்தது. ஏறத்தாழ 80 பேரின் எலும்புகளும் கிடைத்தன. ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என எல்லோரும் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். அவர்களின் காலம் 10ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பர். கோயிலின் தொடக்கத்தை 8ஆம் நூற்றாண்டளவில் வைப்போர் உளர். பேட்ரிக்கின் காலத்திற்கும் இதற்கும் இடையே சில நூற்றாண்டுகள் உள்ளன.

காலத்தைக் கணிப்பது எவ்வாறு? உயிருள்ளவரை உடலில் கார்பன் 14 சேர்ந்துகொண்டே இருக்கும். இறந்தபின் அது சேர்வதில்லை. இருப்பது ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். எலும்பில் மீந்துள்ள அளவைக் கொண்டு காலத்தை அறியலாம். ஆனால் பாறைக் கல்லறைகளிலோ எலும்பு இல்லை. கல் வெட்டப்பட்ட நாளைக் கல்லே கூறுவதில்லை. எனவேதான் அவற்றை 11ஆம் நூற்றாண்டின என்பாரும், அதற்கும் முந்தியவை என்பாரும் உள்ளனர். கடலைப் பார்க்கும் சிறந்த இடத்தில் அமைந்திருப்பதால் அவை முதன்மையானோருக்கு உரியவையாகலாம். இஃது ஊகமே.

எனினும் அந்தக் கதையைப் பொய் என்று தள்ளிவிட என் மனம் இசையவில்லை. காரணம் சொல்கிறேன். நான் பட்டப்படிப்பு மாணவனாக இருந்தபோது எங்கள் ஊர்க் கரட்டின் அடிவாரத்தில் ‘பாண்டவர் குழிகள்’ பல இருந்தன. ஊர்ப் பெரியவர்கள் அந்தக் கற்களைத் தொட அஞ்சுவர். பாண்டவர் இங்கு வரவே இல்லை என்று அவர்களிடம் வாதாடி வென்றேன். ஆனால் ஒரு குழியைக்கூட நான் அளந்து எழுதி வைக்கவில்லை. சில ஆண்டுகளில் கல் உடைப்போர் வந்தனர், கல்வட்டங்கள் ஜல்லியாயின. தடுக்க யாரும் முன்வரவில்லை. அச்சத்தைப் போக்கியவர்களுள் நானும் ஒருவன் அன்றோ! அங்கே எத்தனை குழிகள் இருந்தன என்று இன்று கேட்டால் என்னிடம் விடை இல்லை.

மாணவ நண்பர்களே! விடுமுறையில் உங்கள் ஊருக்குச் செல்லும்போது ஓர் அளவு நாடாவும் குறிப்பேடும் கொண்டு செல்லுங்கள். பாழடைந்த கோயிலோ, கேட்பாரற்ற கல்லறையோ எதுவாயினும் நீளம், அகலம், திசை ஆகியவற்றைக் குறியுங்கள். ஊரார் சொல்லும் கதையையும் அவர்கள் சொன்னவாறே எழுதுங்கள். கதை மெய்யா என்று ஆராய்வதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கல் அதுவரை காத்திருக்குமா என்பதுதான் ஐயம்.