குனிந்து காலைத் தொட்டால் போதுமா? தொடையின் பின்தசையை அளந்து பார்ப்போம்

கோடைகால விளையாட்டுப் போட்டிகளில் நாம் ஆண்டுதோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. நூறு மீட்டர் ஓட்டத்தில் முன்னால் போய்க்கொண்டிருக்கும் இளைஞர் ஒருவர் திடீரெனத் தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சுற்றி நிற்கும் பெரியவர்கள், "சுளுக்குத்தான், எண்ணெய் போட்டு உருவி விட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். இருபது, இருபத்தைந்து வயதில் நோய்நொடி இல்லாத பிள்ளைக்கு இப்படி வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

எமது பிள்ளைகளில் பலர் வாரம் முழுவதும் வகுப்பறையிலும் கணினி முன்னும் காரிலும் உட்கார்ந்தே இருக்கிறார்கள். பிறகு ஒரே நாளில் உதைபந்து, கரப்பந்து, ஓட்டம் என்று இறங்குகிறார்கள். இரத்த அழுத்தத்தை அளக்கிறோம், சீனியை அளக்கிறோம். தசை எவ்வளவு நெகிழ்கிறது என்பதை அளந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? இந்த இதழில் அதைப்பற்றிப் பார்ப்போம்.

எது இந்தத் தசை?

ஆங்கிலத்தில் ஹாம்ஸ்ட்ரிங் என்று சொல்லப்படுவது ஒரு தசை அல்ல. தொடையின் பின்பக்கம் இருக்கும் மூன்று தசைகளின் கூட்டம் அது. நாம் உட்காரும்போது கதிரையில் அழுந்தும் எலும்பில் தொடங்கி, முழங்காலைத் தாண்டிக் கீழ்க்கால் எலும்புகளில் முடிகிறது. ஆகவே இடுப்பு, முழங்கால் என்ற இரண்டு மூட்டுகளையும் அது கடக்கிறது. முழங்காலை மடக்குவதும் தொடையைப் பின்னால் இழுப்பதும் அதன் வேலை. வேகமாக ஓடும்போது முன்னால் வீசப்படும் காலுக்குப் பிரேக் போடுவதும் இதுதான். தசை நீண்டுகொண்டே பலமாக இழுக்கவும் வேண்டிய அந்தக் கணத்தில்தான் பெரும்பாலும் அது கிழிகிறது.

இரண்டு மூட்டுகளைக் கடப்பதால் அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு மூட்டை அசையாமல் வைத்துக்கொண்டு மற்றதை அசைத்தால்தான் இந்தத் தசையின் உண்மையான நெகிழ்வு தெரியும்.

பள்ளிக்கூடத்துப் பெட்டி

பலரும் அறிந்த பரிசோதனை, காலை நீட்டி உட்கார்ந்து, பாதங்களை ஒரு பெட்டியில் முட்டவைத்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டுவது. கேதரின் வெல்ஸ், எவ்லின் டில்லன் என்ற இரு அமெரிக்கப் பெண்மணிகள் 1952இல் இதை வெளியிட்டார்கள். செலவில்லை, ஒரு வகுப்பையே அரை மணி நேரத்தில் அளந்துவிடலாம். அதனால் உலகமெங்கும் பரவியது.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் இன்னொரு செய்தி அமெரிக்காவை உலுக்கியது. ஹான்ஸ் கிராஸ் என்ற மருத்துவரும் ரூத் ஹிர்ஷ்லாண்டும் அமெரிக்கப் பிள்ளைகளையும் இத்தாலி, ஆஸ்திரியா, சுவிற்சர்லாந்துப் பிள்ளைகளையும் ஆறு எளிய பரிசோதனைகளில் ஒப்பிட்டார்கள். முழங்காலை மடிக்காமல் குனிந்து தரையைத் தொடுவது அவற்றில் ஒன்று. அமெரிக்கப் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் ஒன்றிலாவது தோற்றார்கள். ஐரோப்பியப் பிள்ளைகளில் தோற்றவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. இதன் எதிரொலியாக ஜனாதிபதி ஐசனோவர் 1956இல் இளைஞர் உடற்தகுதிக்கென்றே ஒரு மன்றத்தை அமைத்தார்.

கனடாவில் 24, பாரிசில் 19: யார் கெட்டிக்காரர்?

எமது குடும்பங்கள் பல நாடுகளில் சிதறி வாழ்கின்றன. அதனால் இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய மன்றம் 1988இல் வெளியிட்ட யூரோஃபிட் முறையில், பாதம் முட்டும் இடம் 15 செ.மீ. என்று குறிக்கப்படுகிறது. கனடிய முறையில் அதே இடம் 26 செ.மீ. கனடாவிலுள்ள பிள்ளை 24 எடுத்தால் அவர் பாதத்துக்கு 2 செ.மீ. முன்னதாகவே நின்றுவிட்டார். பாரிசிலுள்ள மச்சான் 19 எடுத்தால் அவர் பாதத்தைத் தாண்டி 4 செ.மீ. போய்விட்டார். தொலைபேசியில் கேட்டால் 24 பெரிது போலத் தோன்றும். உண்மையில் மச்சான்தான் 6 செ.மீ. முன்னால்.

எனவே எண்ணை மட்டும் கேட்காதீர்கள். பாதம் எந்தக் கோட்டில் இருந்தது என்றும் கேளுங்கள்.

இந்தப் பெட்டிக்கு வேறு குறைகளும் உண்டு. கை நீளமாகவும் கால் கட்டையாகவும் உள்ளவருக்கு இது சாதகம். திடீரென உயர்ந்த பதின்ம வயதுப் பிள்ளைக்குப் பாதகம். முதுகு நன்றாக வளையக்கூடியவர், பின்தசை இறுகியிருந்தாலும் விரலைத் தொட்டுவிடுவார். முன்னைய ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஓர் ஆய்வும் இதையே சொல்கிறது. இந்தப் பரிசோதனை பின்தசையின் நெகிழ்வை ஓரளவுக்குக் காட்டும். கீழ்முதுகின் நெகிழ்வைச் சரியாகக் காட்டாது. முதல் தட்டில் பலரைப் பிரித்தெடுக்க உதவும். ஒரு ஆளின் தசையைத் தீர்ப்புச் சொல்ல இது போதாது.

இயன்மருத்துவர் அளக்கும் முறைகள்

முதலாவது, காலை நேராகத் தூக்குதல். மல்லாந்து படுத்திருப்பவரின் ஒரு காலை, முழங்கால் மடியாமல் மெதுவாக உயர்த்தி, எத்தனை பாகை வருகிறது என்று பார்ப்பார்கள். ஆரோக்கியமான இளவயதினருக்குப் பொதுவாக 70 முதல் 90 பாகை வரை வரும். இடுப்பெலும்பு கூடவே சரிந்தால் அளவு பொய்யாகக் கூடிவிடும். பாதத்தை மேல்நோக்கி இழுத்து வைத்தால் நரம்பும் இழுபட்டு அளவு குறையும்.

இரண்டாவது, முழங்காலை நீட்டும் பரிசோதனை. ரிச்சர்ட் கஜ்டோசிக், கேரி லூசின் ஆகியோர் 1983இல் விவரித்தது இது. தொடையைச் செங்குத்தாக, அதாவது 90 பாகையில் நிறுத்தி, படுத்திருப்பவரே தன் முழங்காலை இயன்றவரை நீட்ட வேண்டும். முழுதாக நீள்வதற்கு எத்தனை பாகை குறைகிறது என்பதே அளவு. இடுப்பு அசையாததால் பின்தசையை இது கூடுதலாகத் தனிமைப்படுத்துகிறது. குறைவு 20 பாகைக்குள் இருந்தால் நல்லது என்று பலர் கொள்கிறார்கள். சில ஆய்வுகள் 30 பாகை குறைந்தவர்களையே "இறுக்கம் உள்ளவர்கள்" என்று எடுத்திருக்கின்றன. எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே எல்லைக்கோடு கிடையாது. பெண்கள் பொதுவாக ஆண்களைவிட நெகிழ்வானவர்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அண்ணனையும் தங்கையையும் ஒரே அளவுகோலில் ஒப்பிடுவது நியாயமல்ல.

வீட்டில் செய்து பார்க்கலாம்

முதுகுவலியோ காயமோ இல்லாத இளவயதினர் இதை வீட்டிலேயே அளக்கலாம். கோணம் காட்டும் வசதியுள்ள கைத்தொலைபேசியும் ஓர் உதவியாளரும் போதும்.

1. ஐந்து நிமிடம் நடந்து உடலைச் சூடாக்குங்கள். காலையில் எழுந்தவுடன் அளக்க வேண்டாம். அப்போது உடல் இறுகியிருக்கும்.
2. தரையில் மல்லாந்து படுங்கள். ஒரு கால் நேராகத் தரையில் இருக்கட்டும். மற்றத் தொடையைச் செங்குத்தாக உயர்த்தி, அதன் பின்பக்கத்தை இரு கைகளாலும் பிடியுங்கள்.
3. பாதத்தைத் தளர்வாக விட்டு, முழங்காலை மெதுவாக நீட்டுங்கள். இழுவை தெரியும் இடத்தில் நில்லுங்கள். வலிக்கும்வரை போகக்கூடாது.
4. உதவியாளர் தொலைபேசியைக் கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் வைத்து, அது செங்குத்திலிருந்து எத்தனை பாகை சரிந்திருக்கிறது என்று குறிக்கட்டும். தொடை செங்குத்தாக இருப்பதால் அந்தச் சரிவே உங்கள் குறைவு.
5. ஒவ்வொரு காலிலும் மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

அடுத்த முறையும் அதே நேரம், அதே முறை, அதே உதவியாளர் என்றால் நல்லது. நான்கைந்து பாகை வித்தியாசம் அளக்கும் கையின் பிழையாகவே இருக்கலாம். அதைக் கண்டு மகிழவும் வேண்டாம், கவலைப்படவும் வேண்டாம்.

நெகிழ்வைக் கூட்டுவது எப்படி?

வில்லியம் பான்டி, ஜீன் ஐரியன் ஆகியோர் 1994இல் வெளியிட்ட ஆய்வு எமக்கு நல்ல செய்தி சொல்கிறது. பின்தசை இறுகிய இளவயதினர் 57 பேர் அதில் பங்குபற்றினார்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை, வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம் இழுத்துப் பிடித்தார்கள். 30 விநாடி பிடித்தவர்கள், 15 விநாடி பிடித்தவர்களைவிட நன்றாக முன்னேறினார்கள். 60 விநாடி பிடித்தவர்களுக்கு அதற்குமேல் இலாபம் எதுவும் இல்லை. 1997இல் வந்த அவர்களது அடுத்த ஆய்வில், நாளொன்றுக்கு மூன்று தடவை செய்தவர்களும் ஒரு தடவை செய்தவர்களைவிட முன்னேறவில்லை.

30 விநாடி என்பது தொலைக்காட்சி நாடகத்தின் இடையே ஒரு விளம்பரம் ஓடும் நேரம். குதிக்காலைத் தாழ்வான படியிலோ முக்காலியிலோ வைத்து, முழங்காலை நீட்டி, முதுகைக் கூனாமல் இடுப்பிலிருந்து முன்னால் சரியுங்கள். தெண்டி ஆட்ட வேண்டாம், அப்படியே நில்லுங்கள். சப்பாணி கட்டி உட்காருவது நல்ல பழக்கம்தான். ஆனால் அப்போது முழங்கால் மடிந்திருப்பதால் இந்தத் தசை நீளாது.

சில வாரங்களில் பாகை கூடும்போது தசையே நீண்டுவிட்டது என்று நினைப்போம். டென்மார்க்கில் பீற்றர் மாக்னுசன் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. மூன்று வாரப் பயிற்சிக்குப் பிறகும் தசையின் இறுக்கம் பெரிதாக மாறவில்லை. இழுவையைத் தாங்கும் பொறுமைதான் கூடியிருந்தது. நிறுத்திவிட்டால் பலன் மெல்ல மெல்லக் குறைந்துவிடும் என்பதால், இடைவிடாத பழக்கமே முக்கியம்.

நெகிழ்வு மட்டும் கவசமல்ல

பின்தசை நெகிழ்வாக இருந்தால் அது கிழியாது என்று உறுதி சொல்ல முடியாது. முன்பு ஒருமுறை கிழிந்ததுதான் மீண்டும் கிழிவதற்கான மிகப் பெரிய காரணங்களில் ஒன்று. தசையைப் பலப்படுத்தும் பயிற்சிகள் காயத்தை நன்கு குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஓட்டத்துக்குச் சற்று முன்பு ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்து நிற்பதும் வேகத்தைச் சிறிது குறைக்கும். போட்டிக்கு முன் மெல்லோட்டமும் கால் வீச்சும் போதும். நீண்ட இழுவையைப் பயிற்சி நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடனம் பயிலும் பிள்ளைகள் சிலர் இயல்பாகவே மிக நெகிழ்வானவர்கள். அவர்களுக்குத் தேவை மேலும் நெகிழ்வு அல்ல, பலம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

ஓடும்போது "டக்" என்று சத்தம் கேட்டாலோ, தொடை கருநீலமானாலோ, காலூன்ற முடியாமல் போனாலோ உடனே போங்கள். புதிதாகக் கிழிந்த தசையை எண்ணெய் போட்டு அழுத்தி உருவக்கூடாது, இரத்தக்கசிவு கூடும். காலை உயர்த்தும்போது முழங்காலுக்குக் கீழே மின்சாரம் பாய்வது போல வலித்தாலோ விறைத்தாலோ, அது தசை இறுக்கம் அல்லாமல் முதுகில் நரம்பு அழுந்துவதாக இருக்கலாம். அப்போது இழுவைப் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைக் காணுங்கள். அத்துடன் சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ மறைவிடம் மரத்துப்போனாலோ அது அவசர நிலை.

அடுத்த கோடை வருவதற்கு இன்னும் காலம் இருக்கிறது. இந்த வார இறுதியில் வீட்டில் அனைவரும் அளந்து, திகதியோடு எழுதி நாட்காட்டியில் ஒட்டி வையுங்கள். ஆறு வாரம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். வரும்முன் காப்பது எமது முன்னோர் சொன்ன வழி. விளையாட்டுத் திடலில் எமது பிள்ளைகள் தொடையைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் கோட்டைத் தாண்டி ஓடுவதைக் காண்போம்.