செஞ்சிக் கோட்டையும் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானையும்

செஞ்சிக்குப் போகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது பாறைகள். யாரோ ஓர் அசுரன் மலையை உடைத்து மூட்டை மூட்டையாகக் கொட்டிவிட்டுப் போனதுபோல் எங்கே பார்த்தாலும் பாறைக் குவியல். அந்தக் குவியல்களின் நடுவே ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் ஒன்றாக வளைத்துக்கொண்டு பெரிய மதில் ஓடுகிறது. 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஐக்கிய நாடுகளின் கல்வி, கலாசார ஸ்தாபனமாகிய யுனெஸ்கோ, மராட்டியர் காலத்து ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டது. அவற்றுள் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை; எஞ்சிய ஒன்று நம் செஞ்சி. தமிழ்நாட்டார் இதற்காகச் சிறிது மார்தட்டிக்கொண்டால் தவறில்லை.

நாம் அங்கே போயிருந்த அன்று ஏதோ ஓர் ஊர் ஹைஸ்கூல் பிள்ளைகள் உல்லாசப் பிரயாணம் வந்திருந்தார்கள். உபாத்தியாயர் கல்யாண மகாலுக்கு எதிரே நின்றுகொண்டு சரித்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். "1649-இல் பீஜப்பூர் சுல்தான் பிடித்தான், 1677-இல் சிவாஜி பிடித்தார், எட்டு வருஷ முற்றுகைக்குப் பிறகு 1698-இல் மொகலாயர் பிடித்தார்கள், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர்" என்று அவர் அடுக்க அடுக்க, பிள்ளைகளும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். யார் யாரிடமிருந்து பிடித்தார்கள் என்பதுதான் நம் பள்ளிகளில் சரித்திரப் பாடம். பரீட்சைக்கு அது போதும்.

ஆனால் செஞ்சி சொல்லக்கூடிய வேறொரு பாடமும் இருக்கிறது.

கோட்டைக்குள் ஒரு புறம் வேங்கடரமணர் ஆலயம். நாயக்க மன்னர் காலத்தது. அதே கோட்டைக்குள் சாதத்துல்லா கான் மசூதி; 1717-18-இல் கட்டப்பட்டது. ஊருக்கு வடக்கே திருநாதர்குன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்களை ஒரே பாறையில் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். சந்திரநந்தி என்னும் ஜைன ஆசாரியர் அங்கே ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் பழைய தமிழ்ச் சாஸனமும் அங்கே உண்டு. தமிழ் ஜைனர்களின் தலைமை மடம் இருப்பதும் இந்த வட்டாரத்து மேல்சித்தாமூரில்தான். தமிழ், தெலுங்கு, மராத்தி, பாரசீகம், பிரெஞ்சு என்று எத்தனை பாஷைகள் இந்த மதிலுக்குள் பேசப்பட்டிருக்கின்றன!

இன்னும் விசேஷமான செய்தி ஒன்றுண்டு. கோட்டைக்கு அருகேயுள்ள மேலச்சேரி என்னும் பழைய செஞ்சியில் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிறது. தென்னாட்டுத் திரௌபதி வழிபாட்டுக்கே அதுதான் மூலஸ்தானம் என்று இப்பக்கத்து ஜனங்கள் சொல்லுகிறார்கள். ஆல்ஃப் ஹில்டிபைட்டல் என்னும் அமெரிக்கப் பண்டிதர் இவ்வழிபாட்டை ஆராய்ந்து 1988-இல் பெரிய புத்தகமே வெளியிட்டார். இப்பிரதேசத்துத் திரௌபதி கோயில்களில் அம்மனுக்குக் காவலாக நிற்பவர்களுள் ஒருவர் முத்தால ராவுத்தர். ஆம், முஸ்லிம் வீரர்தான்! பாண்டவர் பத்தினிக்கு ஒரு ராவுத்தரைக் காவல் வைப்பதில் நம் கிராமத்து ஜனங்களுக்கு ஒரு விரோதமும் தோன்றவில்லை.

தேசிங்கு ராஜன் கதை தெரியாத தமிழர் யார்? தேசிங்கு தமிழனல்ல; பந்தேல்கண்டத்து ராஜபுத்திரன். 1714-இல் ஆற்காட்டு நவாபின் பெரும் சேனையை ஒரு சிறு படையுடன் எதிர்த்து, இருபத்திரண்டு வயதில் மடிந்தான். அவனுடன் மடிந்தவன் அவன் தோழன் மகபத்துகான் என்னும் முஸ்லிம். கல்யாணக் கோலத்தில் இருந்தவன் தோழனுக்காக மணப்பந்தலை விட்டு எழுந்து வந்தான் என்று கதைப் பாடல் சொல்லுகிறது. ஜயித்தவர் நவாப், ஆனால் தெருக்கூத்திலும் கதைப் பாட்டிலும் ஜனங்கள் முந்நூறு வருஷமாகப் பாடி வருவது தோற்ற தோழர் இருவரைத்தான்.

இத்துடன் நிறுத்திக்கொண்டு, "பார்த்தீர்களா, நம் முன்னோர் எப்படி ஒற்றுமையாக வாழ்ந்தார்கள்!" என்று முடித்துவிடலாம். பிரசங்க மேடைகளில் அப்படித்தான் முடிப்பார்கள். நமக்கு அது மனம் ஒப்பவில்லை. கோயிலும் மசூதியும் ஒரே மதிலுக்குள் நிற்பதனால் அவற்றுக்குப் போகும் மனிதர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று ஆகிவிடாது. கல் பக்கத்தில் கல் நிற்பது எளிது. மனிதன் பக்கத்தில் மனிதன் உட்காருவதல்லவா கடினம்? அதற்கும் இதே ஜில்லாவைச் சேர்ந்த சாட்சி ஒன்று உண்டு.

செஞ்சிக்குக் கிழக்கே திண்டிவனம். அதற்குச் சமீபத்தில் ஓமந்தூர். 1920-களின் முற்பகுதியில் அவ்வூர்ப் பெரிய விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த ராமசாமி ரெட்டியார் தம் மகனைத் திருநெல்வேலிச் சீமைக்குப் படிக்க அனுப்பினார். அங்கே சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் தமிழ்க் குருகுலம் நடத்தி வந்தார். ஐயர் சாதாரண மனிதரல்ல. தேசத்துக்காக நாடு கடந்து திரிந்த வீரர். திருக்குறளை ஆங்கிலத்தில் ஆக்கியவர். எல்லா ஜாதிப் பிள்ளைகளையும் ஒன்றாக வைத்து, தேசபக்தியும் கைத்தொழிலும் கற்பிக்கவே அவர் அந்தக் குருகுலத்தைத் தொடங்கினார். தமிழ்நாட்டுக் காங்கிரஸ் கமிட்டியும் ஐயாயிரம் ரூபாய் கொடுத்திருந்தது.

அப்படிப்பட்ட இடத்திலும் சில பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் சாப்பாடு தனியாக நடந்தது. குடிநீர்ப் பானையும் தனி. தாகத்தினால் அந்தப் பானையிலிருந்து தண்ணீர் குடித்துவிட்ட ஓமந்தூர்ப் பையன் தண்டிக்கப்பட்டான் என்றும், வீட்டுக்கு வந்து தகப்பனாரிடம் அவன் அதைச் சொன்னான் என்றும் சொல்வார்கள். விஷயம் பரவியது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமி நாயக்கரும் கிளர்ச்சி செய்தார்கள். 1925-இல் காந்தி மகான் வரையில் வழக்குப் போயிற்று. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய்த் தாமும் உயிர் இழந்தார். தமிழ்நாட்டு அரசியலின் போக்கே அந்தக் குருகுல விவகாரத்துக்குப் பிறகு மாறியது.

ஐயர் போன்ற உத்தமரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. அவரைப் போன்றவர் நடத்திய இடத்திலேயே இது நடந்ததென்றால், நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம். அந்தப் பையன் ஒரு சங்கத்துக்கும் தலைவனல்ல. அவனை ஒருவரும் தேர்ந்தெடுக்கவில்லை. பொது நன்மைக்கு என்று சொல்லப்பட்ட இடத்தில் நடந்த அநியாயத்தை மறைக்காமல் சொன்னான், அவ்வளவுதான். மாணவர் தலைமை என்பதற்கு இதைவிட நல்ல இலக்கணம் நமக்குத் தெரியவில்லை.

அவனுடைய தகப்பனார்தான் 1947-இல் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். அவர் காலத்தில், அந்த ஆண்டிலேயே, எல்லா ஹிந்துக்களுக்கும் கோயில் கதவைத் திறந்துவிடும் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அதன் நகலில் 'ஆண்கள் அனைவரும்' என்று பொருள்படும்படி இருந்த வாசகத்தை 'மனிதப் பிறவிகள் அனைவரும்' என்று மாற்றச் செய்தவர் நம் தேசத்துப் பிரதிநிதியான ஸ்ரீமதி ஹன்ஸா மேத்தா. 1950-இல் அமலுக்கு வந்த நமது அரசியல் சட்டம் 17-வது ஷரத்தினால் தீண்டாமையை ஒழித்தது. பானையின் கதை இத்துடன் முடிந்தது என்று நாம் எண்ணியிருந்தோம்.

முடியவில்லை. 2023 ஜூன் மாதத்தில் இதே விழுப்புரம் ஜில்லாவின் மேல்பாதி கிராமத்துத் திரௌபதி அம்மன் கோயிலை அதிகாரிகள் பூட்டி முத்திரை வைத்தார்கள். பட்டியல் வகுப்பைச் சேர்ந்தவர்கள் உள்ளே வருவதை மற்றவர்கள் எதிர்த்ததே காரணம். நீதிமன்ற உத்தரவுகளுக்குப் பின், 2025 ஏப்ரலில்தான் அவர்கள் உள்ளே சென்று அம்மனைத் தரிசிக்க முடிந்தது. ராவுத்தரைக் காவல் வைத்துக்கொண்ட அதே அம்மனின் சந்நிதியில், சொந்த ஊராருக்கு வழியில்லாமல் போயிற்று!

இது பெரியவர்கள் காரியம் என்று சொல்லித் தப்ப முடியாது. அதே 2023 ஆகஸ்டில், திருநெல்வேலி ஜில்லா நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனைக் கூடப் படித்த பிள்ளைகளே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. ஜாதியைச் சொல்லித் தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று அவன் பள்ளியில் முறையிட்டிருந்தான். அதற்குக் கிடைத்த கூலி அது. கையில் வர்ணக் கயிறு, நெற்றியில் ஜாதிக் குறி என்று பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகள் பிரிந்து நிற்பதை அப்போதுதான் நாடு முழுவதும் கவனித்தது.

சர்க்கார் நியமித்த நீதிபதி சந்துரு அவர்களின் விசாரணைக் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. ஜாதிக் கயிறும் குறியும் கூடாது, பள்ளிக்கூடப் பெயர்களில் ஜாதிப் பெயர் கூடாது, மாணவர்களைப் பெயரின் அகர வரிசையில் உட்கார வைக்கவேண்டும், பள்ளிகளில் நல அதிகாரிகளை நியமிக்கவேண்டும் என்பவை அதன் யோசனைகளுள் சில. எல்லா வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்த 'சமூக நீதி மாணவர் படை' அமைக்கவேண்டும் என்பது இன்னொன்று. அவ்வாண்டிலேயே அரசுப் பள்ளிகளில் 'மகிழ் முற்றம்' என்ற ஏற்பாடும் வந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிள்ளைகளை ஐந்து குழுக்களாகப் பிரித்து, அவற்றுக்கு மாணவர் தலைவர்களையும் வைக்கிறார்கள். ஊரில் எந்தத் தெருவானாலும், பள்ளியில் நீ முல்லை, நான் நெய்தல். நல்ல யோசனைதான்.

ஆனால் யோசனை நல்லதாக இருந்து பயனில்லை; தலைவனாக வரும் பிள்ளை என்ன செய்யவேண்டும் என்பதல்லவா விஷயம்? நம் காலத்தில் 'மானிட்டர்' என்றால் உபாத்தியாயர் இல்லாதபோது பேசியவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுகிறவன். வேண்டியவன் பெயரை எழுதமாட்டான். வேண்டாதவன் வாயே திறக்காவிட்டாலும் எழுதுவான். அதிகாரம் என்றால் என்ன என்பதற்கு நாம் பெற்ற முதல் பாடம் அது!

இன்றைய மாணவர் தலைவனோ தலைவியோ கவனிக்கவேண்டியவை பெரிய காரியங்களல்ல. மத்தியானச் சாப்பாட்டில் யாராவது எப்போதும் தனியாக உட்காருகிறார்களா? வகுப்பைப் பெருக்கவும் குப்பை அள்ளவும் எப்போதும் அதே பிள்ளைகளைத்தான் கூப்பிடுகிறார்களா? ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், அவன் குலத்தையோ நிறத்தையோ மதத்தையோ சொல்லிக் கேலி செய்கிறார்களா? வட நாட்டிலிருந்து கூலி வேலைக்கு வந்தவரின் பிள்ளை தமிழ் தட்டித் தடுமாறிப் பேசினால், சிரிக்கிறார்களா, கற்றுக் கொடுக்கிறார்களா? பொங்கலைப் போலவே ரம்ஜானும் கிறிஸ்துமஸும் மகாவீரர் ஜயந்தியும் பள்ளிக்கூடத்தின் நினைவில் இருக்கின்றனவா? இவற்றைப் பார்த்து, சொல்ல வேண்டியவரிடம் சொல்வதே வேலை. மனித உரிமை என்னும் பெரிய வார்த்தைக்குப் பள்ளிக்கூடத்தில் அர்த்தம் இதுதான்.

"படிக்கப் போன பிள்ளைக்கு இந்த வம்பு எதற்கு?" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாங்குநேரிக்குப் பிறகு இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. முறையிட்ட பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லையென்றால், முறையிடு என்று சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. ஆகையால் மாணவர் தலைமை என்று சொல்லிப் பாரம் முழுவதையும் பிள்ளைகள் தலையில் வைப்பது பெரும் தவறு. சொல்ல ஒரு பிள்ளை வேண்டும். அதைக் காதில் வாங்க ஓர் உபாத்தியாயர் வேண்டும். அவருக்குப் பின்னால் ஹெட்மாஸ்டரும் சர்க்காரும் நிற்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓமந்தூர்ப் பையனுக்கு இருந்ததுபோல், வீட்டில் கேட்பதற்கு ஒரு தகப்பனாரோ தாயாரோ வேண்டும். அவன் வந்து சொன்னபோது, "ஏன் அடுத்தவர் பானையைத் தொட்டாய்?" என்று அவனையே அதட்டியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

பிள்ளைகள் செய்யும் காரியங்களுள் மிகக் கடினமானது இன்னொன்று உண்டு. அநியாயம் இழைக்கப்பட்டவன் தானே பேசுவது துணிவு. தனக்கு ஒரு குறையும் இல்லாத பிள்ளை, தன் கூட்டத்தாரைப் பார்த்து, "இது தப்பு" என்று சொல்வது அதைவிடப் பெரிய துணிவு. மகபத்துகானுக்கு நவாபின் பக்கம் போயிருக்க வழியில்லாமலா இருந்தது? பாட்டுக் கட்டிய ஜனங்கள் அதைக் கவனித்திருக்கிறார்கள்.

அன்று செஞ்சியில் பிள்ளைகள் மலையிறங்கி வந்து, புளிய மரத்தடியில் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தார்கள். வெயில் கடுமை. ஒரே ஒரு புட்டியில்தான் தண்ணீர் மிச்சம். அது கை மாறிக் கை மாறி வரிசை முழுவதும் போயிற்று. அண்ணாந்து அண்ணாந்து குடித்தார்கள். யாருடைய புட்டி என்று ஒருவரும் கேட்கவில்லை. மலை மேல் எழுதிக்கொண்ட வருஷங்களைப் பாதிப் பேர் இதற்குள் மறந்திருப்பார்கள். இதை மறக்காமல் இருந்தால் போதும் என்று எண்ணிக்கொண்டோம்.

புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி மகானின் சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துப் போனவை. எங்கேயோ செதுக்கிய கல் எங்கேயோ போய்த் தக்க இடத்தில் நின்றுவிட்டது. நம் பிள்ளைகளும் நாளைக்கு எங்கெங்கோ போய் நிற்கப் போகிறவர்கள். இன்று மாலை பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தையிடம், எத்தனை மார்க்கு என்று கேட்பதற்கு முன்னால், "மத்தியானம் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய்? தனியாக உட்கார்ந்தவர் யாராவது உண்டா?" என்று நேயர்கள் ஒரு தடவை கேட்டுப் பார்க்கவேண்டும். பதில் சொல்லத் தொடங்கினால், நடுவில் குறுக்கிடாமல் கடைசி வரையில் கேட்கவேண்டும்.