கறள் பிடித்த போல்ட் ஏன் அசைய மறுக்கிறது?

மட்டக்களப்பில் கல்லடி, நாவலடிப் பக்கம் ஓடும் கார்களுக்கு ஒரு புறம் கடல், மறு புறம் வாவி. இரண்டிலும் உப்பு. அலையில் தெறிக்கும் நுண்துளிகள் காற்றோடு வந்து காரின் அடிப்பாகத்தில் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையும், மழையே தேவையில்லை.

ஸ்பிரிங் மாற்றும்போது அதிகம் மல்லுக்கட்ட வைப்பது லோவர் ஆர்ம் போல்ட். இறப்பர் புஷ்ஷின் நடுவிலுள்ள இரும்புக் குழாய்க்குள் அது கிடக்கிறது. அந்த மயிரிழை இடைவெளிக்குள் புகுந்த உப்பு நீர் இலேசில் காயாது. இரும்பு கறளாகும்போது பருமன் இரு மடங்குக்கும் மேல் பெருகும். இடமில்லாத இடத்தில் பெருகுவதால் ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடுகிறது. நட் கழன்ற பிறகும், போல்ட்டைத் திருப்பினால் இறப்பர்தான் முறுகும். ஸ்பானரை விட்டதும் பழைய இடத்துக்கே வரும். அப்போது நீளக் குழாய் மாட்டி இழுக்காதீர்கள், போல்ட்டின் தலை முறியும்.

ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். நட்டே இறுகியிருந்தால் அதை மட்டும் சூடாக்குங்கள். 300 பாகை சூடேறினால் 14 மில்லிமீற்றர் துளை 0.05 மில்லிமீற்றர் விரியும். கறள் படலம் வெடிக்க அது பெரும்பாலும் போதும். இறப்பர், பிரேக் குழாய், ஷொக் அப்சோபர் அருகில் தீ வேண்டவே வேண்டாம். அங்கே போல்ட்டை அறுத்துப் புதிது போடுவதே சரி. அதற்கு முன் ஸ்பிரிங்கைக் கம்பிரசரால் கட்டி, ஆர்மை ஜாக்கில் தாங்குங்கள். அமுங்கிய ஸ்பிரிங் பாய்ந்தால் உயிரே போகலாம்.

புது போல்ட்டின் தண்டில் கிரீஸ் பூசுங்கள். கடைசி இறுக்கம் கார் சில்லுகளில் நிற்கும்போதுதான். தூக்கிய நிலையில் இறுக்கினால் இறப்பர் எப்போதும் முறுகியே கிடந்து சீக்கிரம் கிழியும்.