சேம்பிலை சொன்ன ரகசியம்!

குட்டீஸ்... சாரல் நேரத்தில் குற்றாலம் போயிருக்கிறீர்களா? தென்காசியில் இருந்து ஐந்தாறு கிலோ மீட்டர் தூரம்தான். அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு திரும்பும்போது, ஓடையோரம் கொஞ்சம் பாருங்கள். யானைக் காது மாதிரி அகலமாகச் சேம்பிலைகள் நிற்கும். வீட்டில் அம்மா வறுவல் செய்கிறாரே சேப்பங்கிழங்கு, அந்தச் செடியின் குடும்பம்தான்!

அந்த இலையில் விழும் மழைத்துளி பரவாது, ஒட்டாது. முத்துப் போல உருண்டு, கீழே ஓடிவிடும். 'தாமரை இலைத் தண்ணீர் போல' என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதே சங்கதிதான் இங்கேயும்.

மாவிலையில் ஒட்டும் தண்ணீர், சேம்பிலையில் மட்டும் ஏன் ஒட்டுவதில்லை? இதற்குப் பதில் சொன்னது ஒரு கருவி. அதன் பெயர், எலக்ட்ரான் நுண்ணோக்கி. அந்தக் கருவியை இயக்குபவரைப் பற்றித்தான் இன்று தெரிந்துகொள்ளப் போகிறோம்.

ஒளிக்குப் பதில் எலக்ட்ரான்!

உங்கள் பள்ளியில் உள்ள நுண்ணோக்கி, ஒளியைக் கொண்டு பொருளைப் பெரிதாக்குகிறது. ஒரு மில்லி மீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால், அதில் ஒரு பங்குதான் நானோ மீட்டர். சுமார் 200 நானோ மீட்டரை விடச் சிறியவற்றைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியால் தெளிவாகக் காட்ட முடியாது.

'ஒளிக்குப் பதில் எலக்ட்ரான்களைப் பயன்படுத்தினால் என்ன?' என்று யோசித்தனர், ஜெர்மனியைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் ரஸ்காவும் மாக்ஸ் நோலும். 1931ல் பெர்லினில் முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கியை உருவாக்கினர். அப்போது ரஸ்காவின் வயது 24. இதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது எப்போது தெரியுமா? 1986ல்! நம் நாட்டிலும் 1940களிலேயே, கொல்கத்தாவில் நீரஜ்நாத் தாஸ்குப்தா என்ற விஞ்ஞானி இந்தக் கருவியை உருவாக்கினார்.

இலையின் மேற்பரப்பைப் பார்க்க உதவுவது, 'ஸ்கேனிங்' என்ற வகை. அதன் உச்சியில், குண்டு பல்பில் இருப்பது போன்ற டங்ஸ்டன் இழை இருக்கும். (புதிய கருவிகள் சிலவற்றில் வேறு அமைப்பு உண்டு.) இழை சூடானதும் எலக்ட்ரான்கள் கிளம்பும். மின்காந்தங்கள் அவற்றை மிக மெல்லிய கற்றையாகக் குவிக்கும். வயலை உழுவது போல, அந்தக் கற்றை பொருளின் மீது வரிசை வரிசையாக ஓடும். அங்கிருந்து தெறிக்கும் எலக்ட்ரான்களைப் பிடித்து, கணினித் திரையில் படமாக்குவார்கள். படம் கறுப்பு வெள்ளையில்தான் வரும். புத்தகத்தில் வண்ணமாக இருந்தால், அது பிறகு தீட்டிய வண்ணம்!

பொத்தானைத் தட்டினால் போதுமா?

போதாது! அங்கேதான் வருகிறார், தொழில்நுட்ப வல்லுநர். சென்னை ஐ.ஐ.டி., சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இந்தக் கருவிகள் உள்ளன. வேறு ஊர் மாணவர்களும் கட்டணம் கட்டித் தங்கள் பொருளை ஆராயலாம்.

தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரி அக்கா, குற்றாலத்துச் சேம்பிலையை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல மாத ஆராய்ச்சி அது. வல்லுநர் என்ன செய்வார்?

முதலில் இலையைக் காய வைக்க வேண்டும். கருவிக்குள் காற்றே இருக்கக் கூடாது. ஈர இலையை அப்படியே வைத்தால், வெற்றிடம் கெடும். கருவியே பழுதாகலாம். அப்புறம், வரிசையில் காத்திருக்கும் அத்தனை மாணவர்களின் வேலையும் நின்றுபோகும்!

காய வைப்பதிலும் சூட்சுமம் உண்டு. பல பொருள்களை ஆல்கஹால், அசிட்டோன் போன்ற திரவங்களில் முக்கித்தான் உலர்த்துவார்கள். ஆனால், சேம்பிலையின் மேல் இருப்பது மெழுகு. அதே முறையைக் கையாண்டால் மெழுகு கரைந்துவிடலாம். எதைப் பார்க்க வேண்டுமோ, அதுவே போய்விடும்!

அடுத்து, சிறு துண்டை அலுமினிய வில்லையில் ஒட்டி, அதன் மேல் சில நானோ மீட்டர் கனத்துக்குத் தங்கப் பூச்சு கொடுப்பார். ஏன் தங்கம்? இலையில் மின்சாரம் எளிதாகப் பாயாது. எலக்ட்ரான்கள் அங்கேயே தேங்கினால், படம் வெள்ளை வெளேரென்று கெட்டுவிடும்.

படம் வந்த பிறகுதான் மிக முக்கியமான வேலை. 'இந்த விரிசல் இலையில் இருந்ததல்ல. காய வைத்தபோது வந்தது' என்று அவர் சொல்ல வேண்டும். அந்த அக்கா எதிர்பார்த்தது படத்தில் இல்லையென்றால், 'இல்லை' என்றும் சொல்ல வேண்டும். அழகான படத்தை விட உண்மையான படம்தான் பெரிது!

அழுக்கு தந்த கண்டுபிடிப்பு!

ஜெர்மன் தாவரவியல் அறிஞர் வில்ஹெல்ம் பார்த்லாட், 1970களில் ஏராளமான இலைகளை இந்தக் கருவியில் பார்த்தார். பார்க்கும் முன் இலைகளைக் கழுவ வேண்டுமே! அப்போது ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். வழவழப்பான இலைகளில்தான் அழுக்கு இருந்தது. சொரசொரப்பான மெழுகுப் பரப்பு கொண்ட இலைகளோ, கழுவாமலே சுத்தமாக இருந்தன!

காரணம் என்ன? தாமரை, சேம்பு போன்ற இலைகளில் குட்டிக் குட்டி மேடுகள். அவற்றின் மேல் அதைவிடக் குட்டியான மெழுகுத் துகள்கள். இடையில் காற்று தங்கிவிடும். எனவே, தண்ணீர்த் துளி மேடுகளின் நுனியில் மட்டும் உட்காரும். உருளும்போது, தூசியையும் கூட்டிக்கொண்டு ஓடும். 1997ல் பார்த்லாட்டும் நைன்ஹுயிஸும் இதை விரிவாக எழுதினர். இதைப் பார்த்து, மழையில் தானே சுத்தமாகும் சுவர் பெயின்ட்டும் வந்துவிட்டது!

கவனித்தீர்களா? அவருக்கு முதல் துப்பு கொடுத்தது, இலை கழுவும் சின்ன வேலைதான். 'இதென்ன பெரிய வேலை' என்று அலட்சியம் செய்திருந்தால், அது அவர் கண்ணில் பட்டிருக்காது.

நீங்களும் ஆகலாம்!

இந்த வேலைக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல், பொருள் அறிவியல் போன்ற படிப்புகள் உதவும். கூடவே, பொறுமையும் நிதானமான கைகளும் வேண்டும்.

இப்போதே பழகுங்கள். அருவிப் பக்கம் பாறை வழுக்கும், அங்கே வேண்டாம். வீட்டுத் தோட்டத்துச் சேம்பிலை ஒன்றும், மாவிலை ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். சேம்புச் சாறு பட்டால் கை அரிக்கும். பெரியவர்களைப் பறித்துத் தரச் சொல்லுங்கள். இரண்டின் மேலும் சிறிது மண் தூசியைத் தூவி, இலையைச் சாய்த்து, சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். எந்த இலை சுத்தமானது? நீங்கள் நினைத்ததை அல்ல, கண்ணால் பார்த்ததை அப்படியே நோட்டில் எழுதுங்கள்.

அவ்வளவுதான்... நுண்ணோக்கி வல்லுநரின் முதல் பாடத்தை நீங்கள் படித்துவிட்டீர்கள்!